கறுப்பு அடித்தால் துரு போகாது

"அண்ணே, அடியில கறுப்பா ஒரு கோட் அடிச்சு விட்டுருங்க, போதும்." பழைய சாகா, வீரா, கஞ்சில், எந்தக் கார் லிஃப்டில் ஏறினாலும் இதே பேச்சுதான். போதாது. இந்த மாதமும் அப்படிக் கறுப்பு பூசி வந்த ஒரு காரின் அடித்தகட்டில் ஸ்குரூ டிரைவர் முழுசாக உள்ளே போய்விட்டதால், மறுபடியும் எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் அந்தக் கறுப்பு என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள். அண்டர்கோட் என்று டப்பாவில் விற்பது பெரும்பாலும் தார் அல்லது ரப்பர் கலவை. சக்கரம் வீசும் கல் படாமல் இருக்கவும் சத்தம் குறையவும் நல்ல சாயத்தின் மேல் அடிப்பதற்காக வந்த பொருள் அது. துருவின் மேல் அடித்தால் துருவுக்குப் போர்வை போர்த்திய கதைதான். வெயிலிலும் எஞ்சின் சூட்டிலும் தார் இறுகி, வெல்டிங் தையல் ஓரமாக முடி அளவுக்கு வெடிக்கும். மழை நீர் அந்த வெடிப்பில் நுழையும், ஆனால் வெளியே வர வழி இருக்காது. கறுப்பு அடிக்காத இரும்பாவது மழை விட்டதும் காய்ந்துவிடும். கறுப்புக்குள் இருக்கும் இரும்புக்கு அந்த வாய்ப்பும் இல்லை. வெளியே பார்த்தால் புதுசு போல மினுமினுக்கும், உள்ளே வடை போலப் பொங்கியிருக்கும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்வதால்தான் அந்தப் பொங்கல். உரித்துப் பாருங்கள், தார்ப்படலத்தின் முதுகிலேயே பழுப்புத் தகடு ஒட்டிக்கொண்டு வரும். அதுதான் உங்கள் கார்.

ஆகவே பூசுவதற்கு முன் தட்டிப் பாருங்கள். கதவுக்குக் கீழே முன்சக்கரம் முதல் பின்சக்கரம் வரை ஓடும் பெட்டி (சில் என்பார்கள்), ஜாக் வைக்கும் இடம், பின் சஸ்பென்ஷன் பிடிக்கும் இடம், இந்த மூன்றையும் ஸ்குரூ டிரைவர் பிடியால் தட்டுங்கள். நல்ல தகடு 'டங்' என்று பேசும். 'தொப்' என்றால் அங்கே சாயத்துக்கு வேலையில்லை, வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு வெல்ட் செய்ய வேண்டும். காரை விற்கப் போகிறேன், புஸ்பகாம் வாகனச் சோதனைக்கு முன்னால் அடித்துக் கொடுங்கள் என்று கேட்பவர்களே, வாங்கப் போகிறவரும் குடும்பத்தை ஏற்றிக்கொண்டுதான் அதில் போவார்.

பினாங்கில் இது இன்னும் மோசம். காற்றின் ஈரப்பதம் 60 விழுக்காட்டைத் தாண்டினாலே துரு வேகம் எடுக்கும். நம் ஊரில் இரவில் அதற்குக் கீழே இறங்குவது அபூர்வம். தஞ்சோங் பூங்கா, கெர்னி பக்கம் வீட்டு வாசலில் நிற்கும் காருக்குக் கடற்காற்றின் உப்பும் சேரும். அந்த உப்பு துருக்குழிக்குள் உட்கார்ந்திருக்கும்போது எவ்வளவு விலை உயர்ந்த சாயம் அடித்தாலும் சில மாதங்களில் கொப்புளம்தான். ஹாஃப்கட் கடையில் (வெட்டி இறக்குமதி செய்த பழைய வண்டிகளின் சாமான் விற்கும் கடை) வாங்கும் லோவர் ஆர்ம், சப்ஃபிரேம் போன்ற அடிப்பகுதிச் சாமான்கள் விஷயத்திலும் கவனம். ஜப்பானின் பனி பெய்யும் பகுதியில் ஓடிய வண்டி என்றால் சாலையில் கொட்டிய உப்பு அதன் துளைகளுக்குள் இன்னும் இருக்கலாம். சோப்பும் சுடுநீரும் போட்டு உள்ளேயும் வெளியேயும் மூன்று தடவையாவது அலசுங்கள், பிறகு ஒரு நாள் முழுக்கக் காய விடுங்கள்.

சுரண்டும் வேலையில்தான் எல்லோரும் ஏமாற்றுகிறார்கள், ஃபோர்மேன்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். கிரைண்டரில் கம்பி பிரஷ் மாட்டி ஓட்டினால் துரு போகாது, பாலிஷ் ஆகும்! கருப்பழுப்பாகப் பளபளப்பதை இரும்பு என்று நினைத்து அதன் மேலேயே பிரைமர் (அடிப்பூச்சு) அடிக்கிறார்கள். கம்பி பிரஷ்ஷுக்குப் பிறகு 80ஆம் நம்பர் மணல் தாளால் தேய்த்துச் சாம்பல் நிறம் வரவழைக்க வேண்டும். சாயம் பிடிப்பதற்கு அந்தச் சொரசொரப்பும் வேண்டும். பிறகு எண்ணெய் நீக்கியை ஒரு துணியில் நனைத்துத் துடைத்து, காயுமுன் இன்னொரு சுத்தமான துணியால் வழித்தெடுங்கள். ஒரே துணியால் துடைத்தால் எண்ணெய் இடம் மாறும், அவ்வளவுதான்.

குழிக்குள் எட்டாத துருவுக்கு ரஸ்ட் கன்வெர்ட்டர், அதாவது துருவை மாற்றும் திரவம். இது துருவோடு சேர்ந்துதான் வேலை செய்யும், வெறும் இரும்பிலும் பழைய சாயத்திலும் அடித்துப் பயனில்லை. டேனின் வகை துருவைக் கருநீலமாக மாற்றும். பாட்டிலுக்குள் பிரஷ்ஷை விடாதீர்கள், மிச்சமும் கெட்டுப்போகும். சின்னக் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு மெல்லிசாக இரண்டு தடவை பூசி 24 மணி நேரம் விடுங்கள். பாஸ்பாரிக் அமில வகையாக இருந்தால் டப்பாவில் சொன்னபடி மிச்ச அமிலத்தைக் கழுவித் துடைக்காமல் எபோக்சி பிரைமர் அடிக்காதீர்கள். அமிலம் எபோக்சியை இறுகவைக்கும் ஹார்டனரைக் கெடுத்துவிடும், படலம் பிசுபிசு என்றே நிற்கும்.

தயவு செய்து கழிவறை கழுவும் ஆசிட்டை ஊற்றாதீர்கள். துரு கரையும், உண்மை. ஆனால் அது ஹைட்ரோகுளோரிக் அமிலம், விட்டுப்போகும் குளோரைடும் கடல் உப்பும் ஒரே ஜாதி. ஸ்பிரிங், கெட்டி போல்ட் போன்ற உறுதி கூட்டிய இரும்பு அமிலத்தில் ஊறினால் ஹைட்ரஜன் உள்ளே புகுந்து, ஒருநாள் சொல்லாமல் உடையும். பிராக்கெட் போன்ற சாதாரண இரும்புச் சாமானை ஊறவைக்க, லிட்டருக்கு 50 கிராம் சிட்ரிக் அமிலம் போதும். எடுத்ததும் நன்றாக அலசி, சமையல் சோடா கரைத்த தண்ணீரில் முக்கி, சூடான காற்றில் காயவைத்து, தாமதிக்காமல் பிரைமர் அடியுங்கள். சாப்பிட்டுவிட்டு வந்து அடிக்கலாம் என்றால் அதற்குள் ஆரஞ்சு நிறம் படர்ந்திருக்கும்.

பிரைமருக்கு இரண்டு பாக எபோக்சி. 4:1 (சாயம் நான்கு பங்கு, ஹார்டனர் ஒரு பங்கு) என்றால் கண்ணால் அளக்காதீர்கள், அளவுக் கோப்பை வாங்குங்கள். ஹார்டனர் கூட ஊற்றினால் சீக்கிரம் காயும் என்பது எபோக்சிக்குச் சரியில்லை. ஓரங்கள், வெல்டிங் தையல், போல்ட் தலை எல்லாவற்றுக்கும் முதலில் பிரஷ்ஷால் ஒரு பூச்சு கொடுங்கள். ஸ்பிரே கூர்மையான ஓரத்திலிருந்து விலகி மெல்லிசாகிவிடும், துருவும் அங்கிருந்துதான் புறப்படும். நேரமும் முக்கியம்: இரும்பின் சூடு பனிநிலையைவிட (காற்றின் ஈரம் தண்ணீராகப் படியும் வெப்பநிலை) குறைந்தது 3 டிகிரி கூடுதலாக இருக்க வேண்டும். காலை 25 டிகிரியில் ஈரப்பதம் 95 விழுக்காடு என்றால் பனிநிலை சுமார் 24, அப்போது அடிப்பது தண்ணீர் மேல் சாயம் அடிப்பதுதான். பதினொன்றுக்கு மேல் தொடங்குங்கள், மேகம் கறுத்தால் நிறுத்துங்கள். துத்தநாக ஸ்பிரேயை விரும்புகிறவர்கள் வெறும் இரும்பில் அடியுங்கள். துருவின் மேல் அடித்த துத்தநாகம் வெறும் சாம்பல் நிறச் சாயம்.

கறுப்பு வேண்டுமென்றால் எபோக்சி முழுசாகக் காய்ந்த பிறகு, அதன் மேலே.

பெட்டிகளின் உட்பக்கத்துக்குச் சாயம் போகாது. மெழுகு அல்லது லானோலின் (ஆட்டு ரோமக் கொழுப்பு), நீளக் குழாய் நாசில், ஏற்கெனவே இருக்கும் துளைகள், இவை போதும். கதவின் அடியிலும் சில்லின் அடியிலும் இருக்கும் வடிகால் துளைகளை அடைத்துவிடாதீர்கள், பூசி முடித்ததும் ஒவ்வொன்றிலும் கம்பி விட்டுப் பாருங்கள். பிரேக் டிஸ்க், பேட், காலிப்பர், பிரேக் ஹோஸ், எக்ஸாஸ்ட், சென்சார், எர்த் போல்ட், சக்கரம் உட்காரும் ஹப் முகம், இவற்றை டேப்பும் பிளாஸ்டிக்கும் போட்டு மூடிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். டிஸ்க்கில் மெழுகு பட்ட கார் முதல் சிக்னலில் நிற்காது.

மின்யாக் ஹித்தாம் எனும் எஞ்சின் எண்ணெயைக் கழித்த பிறகு எடுத்துப் பூசுகிறவர்களும் இருக்கிறார்கள். ரப்பர் புஷ் உப்பிப்போகும், மண் ஒட்டும், மழையில் வழிந்து சாக்கடைக்குப் போகும். கழித்த எஞ்சின் எண்ணெய் மலேசியச் சட்டப்படி எஸ்டபிள்யூ 305 எண்ணுள்ள அபாயக் கழிவு. காரின் அடியில் பூச அதில் என்ன இருக்கிறது?

வீட்டு வாசலில் அடிப்பவர்களே, துணி முகக்கவசம் சாய ஆவியைத் தடுக்காது, நுண்தூசியையும் போதிய அளவு தடுக்காது. பூச்சுக்குக் கரி வடிகட்டி உள்ளதும், தேய்க்கும்போது தூசி வடிகட்டியும் வேண்டும். பழைய சாயத்தில் ஈயம் இருக்கலாம். பிள்ளைகளை உள்ளே அனுப்பிவிட்டு மணல் தாளை நனைத்துத் தேயுங்கள்.