செய்தி முதலில் சந்தைக்குப் போகும், அப்புறம்தான் நம் வீட்டுக்கு

2024 ஜூன் 4, செவ்வாய்க்கிழமை, மதியம் 12 மணி இருக்கும். மாமா போன் பண்ணினார். அக்கா வீட்டுக்காரர், திருப்பூரில் 12 மெஷின் போட்டு பவர்டேபிள் (கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் யூனிட்) நடத்துகிறார். பின்னால் தையல் மெஷின் சத்தம். "மாப்ள, டிவி பார்த்தியா? மார்க்கெட் ஆறாயிரம் புள்ளி விழுந்திருச்சாம். ஃபண்டை எல்லாம் வித்துரட்டுமா?" பொறுங்க மாமா என்று நான் ஆரம்பிப்பதற்குள் லைன் கட். இரண்டு லட்ச ரூபாய்க்குக் கிட்ட இருந்த மியூச்சுவல் ஃபண்ட் யூனிட்டுகளை அன்று மதியமே விற்றுவிட்டார் என்பது சாயந்திரம் அக்கா சொல்லித்தான் தெரியும்.

அன்று நாடாளுமன்றத் தேர்தல் வாக்கு எண்ணிக்கை. வேடிக்கை என்னவென்றால் ஆட்சி மாறவில்லை. பா.ஜ.க. கூட்டணிக்கு 293 இடங்கள், பெரும்பான்மைக்கு 272 போதும், பிரதமரும் அதே பிரதமர்தான். ஆனாலும் சென்செக்ஸ், அதாவது 30 பெரிய கம்பெனிகளின் பங்கு விலையைக் காட்டும் குறியீட்டெண், ஒரே நாளில் 4,390 புள்ளிகள் விழுந்து 72,079-ல் முடிந்தது, நடுவில் ஆறாயிரம் புள்ளிக்கும் மேல் விழுந்துவிட்டுக் கொஞ்சம் மீண்டது. முதல் நாள் திங்கட்கிழமை என்ன நடந்தது என்று பார்த்தால்தான் இது புரியும். சனிக்கிழமை மாலை வந்த எக்ஸிட் போல்களில் பெரும்பாலானவை கூட்டணிக்கு 350-க்கு மேல் என்றன. அதை நம்பி திங்களன்று 2,507 புள்ளிகள் ஏறி 76,469. அதாவது ஒரு பெரிய வெற்றி, இன்னும் நடக்காத வெற்றி, திங்கட்கிழமையே விலைக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. செவ்வாயன்று சந்தைக்கு வந்த புதுச் செய்தி "கூட்டணி ஜெயித்தது" என்பது கிடையாது, 350 என்று நினைத்தோம், 293-தான் வந்தது என்பதுதான்.

பூ மார்க்கெட்டுக்குப் போகிறவர்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. நாளைக்கு முகூர்த்தம் என்று ஊருக்கே தெரிந்தால் மல்லிகை விலை நாளைக்கா ஏறும்? முந்தின நாளே ஏறிவிடும். முகூர்த்தத்தன்று விலை மறுபடி நகர வேண்டுமென்றால் யாரும் நினைக்காத ஒன்று நடக்க வேண்டும், ராத்திரி மழையில் வரத்து குறைய வேண்டும், அல்லது எதிர்பார்த்ததைவிட இரண்டு லாரி கூட வர வேண்டும்.

சரி, ஒரு செய்தி விலைக்குள் எப்படிப் போகிறது? பலர் நினைப்பது: செய்தி வந்ததும் லட்சக்கணக்கானோர் விற்கிறார்கள், அதனால் விலை விழுகிறது. பாதிதான் சரி. ஒரு பங்கு இப்போது 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அந்த 500 என்பது கடைசியாக நடந்த வியாபாரம், அவ்வளவுதான். அதற்குக் கீழே வாங்கத் தயாராக இருப்பவர்களின் வரிசை நிற்கிறது: 499.50-க்கு ஆயிரம் பங்கு கேட்கிறார் ஒருவர், 499-க்கு மூவாயிரம், 498-க்கு ஐயாயிரம், இப்படிப் படிக்கட்டு மாதிரி. மேலே விற்கக் காத்திருப்பவர்கள். கெட்ட செய்தி வந்தவுடன் முதலில் நடப்பது விற்பனையே கிடையாது, கீழே நிற்கும் வாங்குபவர்கள் ஆர்டரை ரத்து செய்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். தலைப்புச் செய்தியைப் படித்து ஆர்டர் போடவும் எடுக்கவும் நிரல்கள் இருக்கின்றன, அவற்றுக்கு அது மில்லிசெகண்ட் வேலை. இப்போது படிக்கட்டில் 485 வரைக்கும் ஆளே இல்லை. அந்த நேரத்தில் யாரோ ஒருவர், எங்கள் மாமா மாதிரி ஒருவர் என்று வையுங்கள், "வந்த விலைக்கு வித்துடு" என்று ஐந்நூறு பங்கை அனுப்பினால் அது நேராக 485-ல் போய் விழும். ஐந்நூறு பங்குதான் கை மாறியது, ஆனால் கம்பெனியின் மொத்த மதிப்பும் 3 சதவீதம் குறைந்துவிட்டதாக டிவி அடியில் சிவப்பாக ஓடும்.

இதிலிருந்து ஒன்று தெரிகிறது. டிவியில் நாம் அந்தச் செய்தியைப் பார்க்கும்போது விலை ஏற்கெனவே போக வேண்டிய இடத்துக்குப் போயாகிவிட்டது. இன்னொன்று, ஒரே செய்தி எல்லாப் பங்குக்கும் ஒரே செய்தி இல்லை. அதே ஜூன் 4 அன்று எஸ்பிஐ, என்டிபிசி போன்ற அரசு நிறுவனப் பங்குகள் 10 சதவீதத்துக்கு மேல் விழுந்தன, அரசு பெரிய அளவில் முதலீட்டுச் செலவு செய்யும் என்ற கணக்கில் அதுவரை ஏறியிருந்தவை அவை. சோப்பும் டீத்தூளும் விற்கும் இந்துஸ்தான் யுனிலீவர் அன்று ஏறியது! கூட்டணி ஆட்சி என்றால் கிராமத்து மக்கள் கையில் கொஞ்சம் கூடுதலாகப் பணம் போகும் என்பது சந்தையின் ஊகம்.

2020 கதை இதைவிட விசித்திரம். மார்ச் 23 அன்று சந்தை திறந்த ஒரு மணி நேரத்துக்குள் 10 சதவீதம் விழுந்து, விதிப்படி 45 நிமிடம் வியாபாரமே நிறுத்தப்பட்டது. நாள் முடிவில் 13 சதவீதம் சரிந்து 25,981. மறுநாள் இரவு 8 மணிக்கு நாடு முழுக்க 21 நாள் ஊரடங்கு அறிவிப்பு. அதற்கு அடுத்த நாள், அதாவது ஊரடங்கின் முதல் நாள், தெருவில் காக்கா குருவி தவிர யாருமில்லாத அந்த மார்ச் 25-ல், சென்செக்ஸ் ஏறக்குறைய 7 சதவீதம் ஏறியது. அமெரிக்காவில் இரண்டு லட்சம் கோடி டாலர் நிவாரணத்துக்கு உடன்பாடு வந்ததும் ஒரு காரணம். ஏப்ரல்-ஜூன் காலாண்டில் நாட்டின் உற்பத்தி முந்தைய ஆண்டைவிட 23.9 சதவீதம் குறைந்ததாக முதல் கணக்கு வந்தது. சந்தையோ ஏறிக்கொண்டே போய் 2021 ஜனவரி 21-ல் 50,000-ஐத் தொட்டது. "பொருளாதாரம் படுத்துக்கிடக்கிறது, சந்தை மட்டும் எப்படி ஆடுகிறது, எல்லாம் சூதாட்டம்" என்று அப்போது நானும் பேசிக்கொண்டு திரிந்தவன்தான். பேசியதோடு நிற்காமல் மார்ச்சில் எஸ்ஐபி-யையும் (மாதாமாதம் ஃபண்டில் போடும் பணம்) நிறுத்தினேன்.

கணக்கைப் போட்டுப் பார்த்திருந்தால் நிறுத்தியிருக்க மாட்டேன். ஒரு டீக்கடை, வருஷத்துக்கு ஒரு லட்சம் லாபம், இது காலாகாலத்துக்கும் தொடரும் என்று வையுங்கள். போடும் பணத்துக்கு 10 சதவீதம் வந்தால் போதும் என்றால் அந்தக் கடைக்கு நீங்கள் தரக்கூடிய விலை 10 லட்சம். இப்போது ஒரு வருஷம் முழுக்கக் கடை மூடல், லாபம் பூஜ்யம். விலை எவ்வளவு குறைய வேண்டும்? பத்தில் ஒரு வருஷம் போனால் என்ன ஆகுமோ அவ்வளவுதான், சரியாகச் சொன்னால் 91 ஆயிரம். கடை இன்னும் 9 லட்சத்துக்குப் பெறும், அதற்குப் பிறகு வரும் வருஷங்கள் அப்படியே இருக்கின்றன அல்லவா. அடுத்து, வட்டி குறைகிறது. வங்கியில் போட்டால் ஒன்றும் தேறாது என்பதால் 8 சதவீதம் வந்தாலே போதும் என்று மனம் இறங்கிவிடுகிறது. இப்போது அதே கடையின் விலை 12.5 லட்சம், மூடிக் கிடந்த வருஷத்தைக் கழித்தாலும் 11.5 லட்சத்துக்கு மேல். ஒரு வருஷ லாபம் முழுசாகப் போன கடை முன்பைவிடக் கூடுதல் விலைக்குப் போகிறது! ரிசர்வ் வங்கி 5.15 சதவீதமாக இருந்த ரெப்போ வட்டியை (வங்கிகளுக்கு அது கொடுக்கும் கடனுக்கான வட்டி) மார்ச் 27-ல் 4.40 ஆக்கியது, மே மாதம் 4 ஆக்கியது. உலகம் முழுக்க இதே கதைதான். ஆக, ஒரு செய்தியைப் பார்த்ததும் கேட்க வேண்டியது, இது எத்தனை வருஷ லாபத்தைத் தொடுகிறது, வட்டியைத் தொடுகிறதா என்பதுதான். ஒரு வருஷத்தை மட்டும் தொடும் செய்தி எவ்வளவு பயங்கரமாகத் தெரிந்தாலும் விலையில் சிறியது, வட்டியைத் தொடும் செய்தி எவ்வளவு சலிப்பூட்டினாலும் பெரியது. (இதில் ஒரு நிபந்தனை உண்டு, மூடிக்கிடக்கும் அந்த ஒரு வருஷத்தில் கடை கடனில் முழுகாமல் பிழைத்திருக்க வேண்டும். பல சின்னக் கடைகள் பிழைக்கவில்லை. சென்செக்ஸில் இருப்பவை பெரிய கடைகள்.)

சந்தைக்குள் மில்லிசெகண்டில் நுழையும் செய்தி நம் வீட்டுக்கு வர மாதக்கணக்கில் ஆகிறது, இதைத்தான் நாம் கவனிப்பதில்லை. 2022 பிப்ரவரி 24-ல் ரஷ்யா உக்ரைனுக்குள் புகுந்தது. மார்ச் 7-ல் பிரென்ட் கச்சா எண்ணெய் பீப்பாய் 139 டாலர் வரை போய்விட்டு வந்தது. சென்னையில் பெட்ரோல்? நவம்பரிலிருந்து இருந்த அதே 101 ரூபாய் 40 காசு. ஐந்து மாநிலத் தேர்தல் நடந்துகொண்டிருந்தது, மார்ச் 10-ல் முடிவு வந்தது, மார்ச் 22-ல் விலை நகர ஆரம்பித்தது, பிறகு பத்துப் பதினைந்து நாளில் ஏறக்குறைய தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி ஏப்ரல் 6-ல் 110.85. அதற்கிடையே சூரியகாந்தி எண்ணெய், அதில் பெரும்பகுதியை நாம் உக்ரைன், ரஷ்யா பக்கத்திலிருந்துதான் வாங்கிக்கொண்டிருந்தோம். சரி பாமாயிலுக்குப் போகலாம் என்றால் ஏப்ரல் கடைசியில் இந்தோனேசியா ஏற்றுமதிக்குத் தடை போட்டது, மே 23-ல்தான் நீக்கியது. ஏப்ரல் மாத சில்லறைப் பணவீக்கம் 7.79 சதவீதம்.

அந்தக் கணக்கு வெளியாவதற்கு முன்பே, மே 4-ம் தேதி, முன்னறிவிப்பில்லாத கூட்டம் போட்டு ரிசர்வ் வங்கி ரெப்போவை 4.40 ஆக்கியது. அன்றைக்குத்தான் எல்ஐசி பங்கு வெளியீடும் தொடங்கியிருந்தது, நல்ல நேரம் பார்த்தார்கள். சென்செக்ஸ் அன்று 1,307 புள்ளிகள் இறங்கியது. 2023 பிப்ரவரிக்குள் ரெப்போ 6.50. இங்கேதான் உக்ரைன் போர் திருப்பூரில் ஒரு வீட்டுக் கடனுக்குள் நுழைகிறது. 30 லட்சம் கடன், 20 வருஷம், 7 சதவீதம் என்றால் மாதத் தவணை 23,259 ரூபாய். ரெப்போ ஏறிய அதே இரண்டரை சதவீதம் கடனிலும் ஏறி 9.5 ஆனால்? தவணை 27,964 ஆக வேண்டும். பல வங்கிகள் தவணையை ஏற்றவில்லை, வருஷத்தை நீட்டின, நமக்கும் அது வசதியாகத் தெரிந்தது. ஆனால் புதிதாக வாங்கிய கடன் என்றால் 9.5 சதவீதத்தில் ஒரு மாத வட்டி மட்டுமே 23,750. நாம் கட்டுவது 23,259. வட்டிக்கே பத்தவில்லை, அசல் குறைவதற்குப் பதில் ஏறுகிறது, எத்தனை வருஷம் நீட்டினாலும் அந்தக் கடன் தீராது. உக்ரைன் செய்தியைப் பார்த்து பங்கை விற்கலாமா என்று எனக்குப் போன் பண்ணியவர்கள் நிறைய, வீட்டுக் கடன் வட்டி இப்போது எத்தனை என்று வங்கிக்குப் போன் பண்ணியவர் ஒருவரும் இல்லை. பங்கு விலையில் அந்தச் செய்தி ஏற்கெனவே முடிந்த கதை. கடனில் அது இன்னும் வந்துசேரவே இல்லை, நாம் தயாராவதற்கு ஒரு வருஷம் இருந்தது.

மாமா விஷயத்துக்கு வருகிறேன். ஃபண்டை மதியம் 3 மணிக்கு முன் விற்கக் கொடுத்தால் அன்றைய நாள் முடிவு விலைதான் கிடைக்கும். ஜூன் 4-ன் நாள் முடிவு, அதாவது அந்த வாரத்திலேயே ஆகக் குறைந்த விலை. மறுநாளே சந்தை 2,303 புள்ளிகள் ஏறியது. பணம் வங்கிக்கு வந்தது வியாழக்கிழமை, வெள்ளிக்கிழமை சென்செக்ஸ் 76,693 என்ற புதிய உச்சத்தில் முடிந்தது. இதைச் சொல்லிச் சொல்லி அவரை ஒரு வருஷம் ஓட்டினேன். அவர் அந்தப் பணத்தை மறுபடி ஃபண்டில் போடவே இல்லை, ஒரு ஃபிக்ஸட் டெபாசிட்டில் போட்டு வைத்தார்.

2025 ஆகஸ்ட் 27-ல் இந்தியப் பொருட்களுக்கு அமெரிக்க வரி 50 சதவீதமானது. வங்கதேசத்துக்கும் வியட்நாமுக்கும் 20. திருப்பூர் பின்னலாடை ஏற்றுமதியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அமெரிக்காவுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. மறுநாள் சென்செக்ஸ் இறங்கியது 706 புள்ளிகள், சதவீதத்தில் ஒன்றுகூட இல்லை. முன்பே அறிவித்த வரி என்பதால் விலைக்குள் ஏற்கெனவே இருந்தது, அதோடு அந்த 30 கம்பெனிகளில் வங்கிகளும் ஐடி நிறுவனங்களும்தான் கனம், ஐடி சேவைக்கு இந்த வரி கிடையாது, பனியன் கம்பெனி அதில் ஒன்றுமே கிடையாது. சந்தையைப் பார்த்தால் பெரிதாக எதுவும் நடக்காத மாதிரிதான் இருந்தது.

மாமா அந்த முறை போன் பண்ணவில்லை. நான்தான் பண்ணினேன். பின்னால் மெஷின் சத்தம் இல்லை. "வாரத்துக்கு மூணு நாள்தான் ஓடுது மாப்ள. கட்டிங் முடிஞ்ச பீஸ் மூட்டையா கிடக்குது, பையர் தள்ளுபடி கேக்கறானாம், முடிவாகற வரைக்கும் தைக்க வேண்டாம்ங்கறாங்க." தீபாவளி வந்துகொண்டிருந்தது, தையல்காரர்களுக்கு போனஸ் கொடுக்காமல் திருப்பூரில் மெஷின் ஓட்ட முடியாது, மற்ற யூனிட்டுக்குப் போய்விடுவார்கள். எப்படிச் சமாளித்தீர்கள் என்று அப்புறம் கேட்டேன். அந்த டெபாசிட்டை உடைத்தாராம்.

"அன்னைக்கு நான் வித்தது தப்புன்னு சொன்னியே மாப்ள" என்றார். கணக்குப்படி அது தப்புதான், இப்போதும் சொல்வேன். ஆனால் அவர் அப்படிக் கேட்டபோது சொல்லவில்லை.