வீட்டில் குரல் பதிவுக்கு எத்தகைய ப்ரீஆம்ப் போதும்?

மைக் தரும் மின்னழுத்தம் எவ்வளவு சிறியது என்பதை அறிந்தால்தான், அதைப் பெருக்கிக் கொடுக்கும் ப்ரீஆம்ப் என்ற மின்சுற்றின் வேலை புரியும். ஒலிநூல் வாசிப்பவர்கள் பலர் விரும்பும் ஷூர் எஸ்எம்7பி என்ற டைனமிக் (தனி மின்சாரம் இல்லாமலே இயங்கும்) மைக், ஒரு பாஸ்கல் ஒலியழுத்தத்துக்கு 1.12 மில்லிவோல்ட் தருகிறது. அரைச் சாண் தொலைவிலிருந்து இயல்பாகப் பேசும் குரல் மைக்கை அடையும்போது ஏறத்தாழ 80 டெசிபல், அதாவது 0.2 பாஸ்கல் இருக்கும். ஆகவே மைக்கிலிருந்து வெளிவருவது சுமார் 224 மைக்ரோவோல்ட்தான். இதை எண்களாக மாற்றிக் கணினிக்கு அனுப்பும் முன்பு ஏறத்தாழ ஆயிரம் மடங்கு பெருக்க வேண்டும். அந்தப் பெருக்கம்தான் 60 டெசிபல் கெயின். இந்த மைக்குக்குக் குறைந்தது அவ்வளவு கெயின் வேண்டும் என்று ஷூர் நிறுவனமே சொல்கிறது.

இந்த வேலையைச் செய்யும் ப்ரீஆம்ப், மைக்கைக் கணினியோடு இணைக்க நாம் வாங்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. அது போதுமா, தனியாக ஒன்றை வாங்க வேண்டுமா என்று தடுமாறுபவர்கள், விலைப்பட்டியலைப் பார்ப்பதற்கு முன் ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது.

மைக்கை இணைக்கும் எக்ஸ்எல்ஆர் கம்பியில் குரல் இரண்டு இழைகளில் ஒன்றுக்கொன்று எதிரான முனைகளாக வருகிறது. ப்ரீஆம்ப் அவ்விரண்டின் வேறுபாட்டை மட்டுமே பெருக்குவதால், வீட்டு மின்கம்பிகளிலிருந்து இரு இழைகளிலும் சமமாகப் புகும் 50 ஹெர்ட்ஸ் முனகல் தானாகவே கழிந்துவிடுகிறது. வெளியிலிருந்து வரும் தொல்லையை இப்படி விலக்க முடிந்தாலும், உள்ளேயே பிறக்கும் இரைச்சலை விலக்க வழியில்லை. எந்த மின்தடையிலும் வெப்பத்தால் எலக்ட்ரான்கள் ஓயாமல் அலைவதால் ஒரு மெல்லிய மின்னழுத்தம் உண்டாகிறது. பெல் ஆய்வகத்தில் ஜான்சன் அளந்து, நைக்விஸ்ட் கணக்கால் விளக்கிய இந்த இரைச்சல் பற்றிய கட்டுரைகள் 1928இல் வெளிவந்தன. மைக்குக்கு இணையான 150 ஓம் மின்தடையில், அறை வெப்பநிலையில், செவிக்கு எட்டும் அலைவரிசை முழுவதிலும் இது 0.22 மைக்ரோவோல்ட் ஆகும். எவ்வளவு விலை கொடுத்தாலும் இதற்குக் கீழே இறங்க முடியாது.

ப்ரீஆம்ப்பின் விவரக்குறிப்பில் இஐஎன் என்று ஓர் எண் இருக்கும். பெருக்கத்துக்குப் பின் கேட்கும் இரைச்சல் முழுவதும் உள்ளீட்டிலேயே இருந்ததாகக் கொண்டால் அதன் அளவு என்ன என்பதையே அது சொல்கிறது. இதை டிபியூ (0.775 வோல்ட்டோடு ஒப்பிடும் டெசிபல்) என்ற அலகில் சொல்வார்கள்; மைனஸுக்குப் பின் எண் பெரிதாகப் பெரிதாக இரைச்சல் குறைவு. இயற்கை விதித்த எல்லை சுமார் மைனஸ் 131 டிபியூ. இன்று நடுத்தர விலையில் கிடைக்கும் இன்டர்ஃபேஸ்களே மைனஸ் 127, 128 வரை வந்துவிட்டன. மைனஸ் 128 என்பது 0.31 மைக்ரோவோல்ட், எல்லைக்கு மிக அருகில் என்றே இதைச் சொல்ல வேண்டும். ஆனால் இந்த எண் பெரும்பாலும் கெயின் முழுவதும் திருப்பப்பட்ட நிலையில் அளக்கப்படுவது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். கெயின் குறையும்போது இஐஎன் மோசமாவது பல மின்சுற்றுகளின் இயல்பு.

இப்போது அறையைக் கணக்கில் சேர்ப்போம். மின்விசிறியையும் ஏசியையும் நிறுத்திய பிறகும் ஒரு வீட்டு அறையில் 30 டெசிபல் அளவுக்கு ஓசை இருப்பது சாதாரணம். எஸ்எம்7பி அதை 0.7 மைக்ரோவோல்டாக மாற்றும். அதாவது, நல்ல ப்ரீஆம்ப்பின் இரைச்சலைப்போல் இரண்டு மடங்குக்கும் மேலாக அறையின் ஓசை இருக்கிறது. மின்சாரம் ஊட்ட வேண்டிய, ஆனால் அதிக மின்னழுத்தம் தரும் கண்டென்சர் மைக்கில் இந்த இடைவெளி இன்னும் பெரிது. ஒரு பாஸ்கலுக்கு 25 மில்லிவோல்ட் தரும் ரோடு என்டி1-ஏ மைக்கில் அதே குரல் 5,000 மைக்ரோவோல்டாகவும், அதே அறையோசை கிட்டத்தட்ட 16 மைக்ரோவோல்டாகவும் வரும். ப்ரீஆம்ப்பின் 0.31 அங்கே எங்கோ அடியில் கிடக்கிறது. கண்டென்சர் மைக் வைத்திருப்பவர் இரைச்சலைக் குறைப்பதற்காகத் தனி ப்ரீஆம்ப் வாங்குவது வீண் செலவு என்பதே என் உறுதியான கருத்து. அந்தப் பணம் கதவிடுக்கை அடைக்கவும் கனமான திரைகள் வாங்கவும் போகட்டும்.

டைனமிக் மைக்கில்தான் எச்சரிக்கை தேவை. ஆடிபிள் நிறுவனத்துக்கான ஒலிநூல்களை ஏற்கும் ஏசிஎக்ஸ் தளம், பதிவு தாங்கும் உச்ச அளவைப் பூஜ்யமாகக் கொண்டு, வாசிப்பின் சராசரி அளவு மைனஸ் 23 டெசிபலுக்கும் மைனஸ் 18 டெசிபலுக்கும் இடையிலும், பின்னணி இரைச்சல் மைனஸ் 60 டெசிபலுக்குக் கீழும் இருக்க வேண்டும் என்கிறது. குரலுக்கும் இரைச்சலுக்கும் இடையே ஏறத்தாழ 40 டெசிபல், அதாவது நூறு மடங்கு வேறுபாடு வேண்டும் என்பது இதன் பொருள். ஒரு மலிவான ப்ரீஆம்ப்பின் இஐஎன் மைனஸ் 110 என்று கொண்டால் அதன் இரைச்சல் 2.45 மைக்ரோவோல்ட், 224ஐ அதால் வகுத்தால் 91 மடங்குதான் வருகிறது. அறையின் ஓசையைச் சேர்ப்பதற்கு முன்பே பதிவு தேறுவது சந்தேகமாகிறது.

அப்படிப்பட்ட இன்டர்ஃபேஸ் உள்ளவர்களுக்கு, மைக்குக்கும் அதற்கும் நடுவே செருகும் கிளவுட்லிஃப்டர் போன்ற கருவி உண்மையாகவே உதவும். அடுத்தடுத்துப் பெருக்கும் கட்டங்களில் முதல் கட்டத்தின் இரைச்சலே முடிவைப் பெரும்பாலும் தீர்மானிக்கிறது என்று பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஃப்ரீஸ் 1944இல் காட்டினார். முதல் கட்டமே தூய்மையாக 25 டெசிபல் பெருக்கிக் கொடுத்துவிட்டால், பின்னால் வரும் மலிவான மின்சுற்றின் இரைச்சல் அமுங்கிப்போகும். ஆனால் இன்டர்ஃபேஸ் ஏற்கனவே மைனஸ் 128ஐத் தொட்டு, 60 டெசிபலும் தருமானால், இந்தக் கருவியால் கேட்கக்கூடிய பயன் அநேகமாக இராது.

இக்கருவியும் கண்டென்சர் மைக்கும் இயங்குவதற்கான 48 வோல்ட் பேன்டம் பவர், குரல் வரும் அதே கம்பிகளின் வழியே போகிறது. 1966இல் நோர்வே வானொலிக்காக நொய்மன் நிறுவனம் மைக் செய்து கொடுத்தபோது, நிலையத்தின் அவசர விளக்குகளுக்கென்று 48 வோல்ட் அங்கே தயாராக இருந்ததால், அதுவே உலக வழக்காகிவிட்டது.

வாங்குவதற்கு முன் ஒரு சோதனை செய்யலாம். வழக்கமாகப் பதியும் கெயினில் பேசாமல் ஒரு நிமிடம் பதிவு செய்யுங்கள். பிறகு கெயினைத் தொடாமல், மைக்கைத் தடித்த போர்வைகளில் சுற்றித் துணி அலமாரிக்குள் வைத்து மீண்டும் ஒரு நிமிடம் பதியுங்கள். இரண்டாவது பதிவில் இரைச்சல் தெளிவாக இறங்கினால் குற்றம் அறையினுடையது. இறங்காவிட்டால், அது மின்சுற்றில் பிறக்கும் இரைச்சல். மைக்கின் சொந்த இரைச்சல் அளவையும் ப்ரீஆம்ப்பின் இஐஎன் அளவையும் ஒப்பிட்டுப் பார்த்து, எது பெரிதோ அதை மாற்றலாம்.