கறுப்பு பெயின்ட் அடிக்கும் முன்

பாரிஸில் பழைய உலோகப் பொருள்களைப் பழுதுபார்த்துப் பாதுகாப்பது என் தொழில். குளிர் தொடங்கினால் போதும், கணப்பு அடுப்புச் சாமான்கள் பட்டறைக்கு வர ஆரம்பித்துவிடும்: விறகைத் தாங்கும் இரும்புக் கால்கள் ஜோடியாக, தீப்பொறித் தடுப்புத் திரை, இடுக்கி, கிளறுகோல். பல சாமான்கள் எனக்கு முன்பே யாரோ ‘சுத்தம்’ செய்து கெடுத்தவை.

அண்மையில் வந்த ஒரு ஜோடி விறகுத் தாங்கி அப்படித்தான். எங்கோ மணல் பீய்ச்சிச் சுரண்டி, மேலே கறுப்பு பெயின்டும் அடித்திருந்தார்கள். எட்கார் பிரான்ட் என்ற பிரெஞ்சு இரும்புக் கலைஞரின் பட்டறையில் செய்தது என்று வீட்டுப் பெரியவர் சொல்வாராம். இருக்கலாம். ஆனால் அதைச் சொல்லவேண்டிய மேற்பரப்பே போய்விட்டதே!

எட்கார் பிரான்ட் (1880–1960) சாதாரண ஆள் இல்லை. 1925 பாரிஸ் அலங்காரக் கலைக் கண்காட்சியில் ‘பாலைவனச் சோலை’ என்ற இரும்புத் திரையால் பேர் வாங்கியவர். பாரிஸ் வெற்றி வளைவின் கீழ், பெயர் தெரியாத வீரனின் கல்லறையில் 1923 முதல் எரியும் சுடரின் வெண்கல வாயும் அவர் பட்டறையில் செய்ததுதான். அதை வரைந்தவர் கட்டடக் கலைஞர் ஆன்ரி ஃபாவியே. ரேமோன் சுயூப், பிரான்டிடம் வேலை பார்த்த ஜில்பேர் புவால்ரா ஆகியோரும் அந்தக் காலத்து இரும்பில் பெரிய கைகள்.

பெயின்ட் டப்பாவைத் திறக்கும் முன் செய்யவேண்டியது இதுதான். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து அடிப்பாகத்தையும் கால்களின் ஓரத்தையும் பாருங்கள். பிரான்டின் முத்திரை அநேகமாக இரும்பில் குத்திய சின்ன எழுத்துகளாகத்தான் இருக்கும்; மணல் பீய்ச்சினால் மழுங்கிவிடும். அப்புறம் இரண்டு தாங்கிகளையும் பக்கத்தில் வைத்து, சுத்தியல் தடங்களை ஒப்பிடுங்கள். கையால் அடித்த ஜோடியில் தடங்கள் ஒன்றுபோல விழாது. ஒரே பள்ளம் இரண்டிலும் ஒரே இடத்தில் இருந்தால், ஒரே அச்சில் வார்த்த நகலாக இருக்க வாய்ப்பு அதிகம்.

வெல்டிங் தெரிகிறது, அதனால் போலி என்று சொல்பவர்களை நம்பவேண்டாம். வாயு வெல்டிங்கும் இயந்திரச் சுத்தியலும் பிரான்ட் விரும்பிப் பயன்படுத்தியவை. அதேபோல, தீயில் கிடக்கும் பின்பக்கக் கம்பி அரித்துப்போய் மாற்றப்பட்டிருப்பதும் சகஜம். முன்பக்கம்தான் பேசும்.

சரி, படிந்த புகைக்கரியை என்ன செய்வது? மென்மையான பிரஷ், வாக்குவம், பிறகு வொயிட் ஸ்பிரிட் தொட்ட துணி. அவ்வளவே. அடுப்பில் தீ மூட்டாதவர்கள் மெல்லிய மெழுகுப் பூச்சு கொடுக்கலாம். மூட்டுபவர்களுக்கு மெழுகு ஆகாது, கிராஃபைட் பசை போதும். ஈரமான கரி இரும்பைத் தின்னும், ஆகவே வசந்தத்தில் சாம்பலை அள்ளிவிட்டுத்தான் அடுப்பை மூடவேண்டும்.

வாங்குபவர்கள் ரசீதை ஒழுங்காக எழுதி வாங்குங்கள். பிரான்ஸில் 1981 மார்ச் 3 தேதியிட்ட அரசாணைப்படி, ‘இன்னாருடையதாகக் கருதப்படுவது’ என்று எழுதினால், பொருள் அந்தக் கலைஞரின் காலத்தது, அவரே செய்திருக்க வலுவான காரணம் உண்டு என்று விற்பவர் பொறுப்பேற்கிறார். ‘இன்னார் பாணியில்’ என்று எழுதினால் எந்தப் பொறுப்பும் இல்லை. கடைக்காரர் வாயால் பிரான்ட் என்று சொல்லிவிட்டு ரசீதில் ‘பாணி’ என்று எழுதினால், பாணிக்கு உரிய விலையை மட்டும் கொடுங்கள்.