ஆசிரியருக்கும் ஒரு பயிற்றுநர்

கேள்வி கேட்ட பிறகு, பதிலுக்காக ஓர் ஆசிரியர் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்? அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ, வகுப்பறை ஒலிப்பதிவுகளைக் கொண்டு இதை அளந்து 1970களில் முடிவுகளை வெளியிட்டார். சராசரியாக ஒரு நொடிதான். அதற்குள் பதில் வராவிட்டால் ஆசிரியரே விடையைச் சொல்லிவிடுவார். இல்லையென்றால் அடுத்தவரைக் கேட்பார். அந்த ஒரு நொடியை மூன்று நொடியாக்கியதும் மாணவர்களின் பதில்கள் நீண்டன. பதிலே சொல்லாமல் இருப்பது குறைந்தது. வழக்கமாக வாய் திறக்காத மாணவர்களும் பேசத் தொடங்கினார்கள்.

பணியிடைப் பயிற்சியில் இதைச் சொல்லிக்கொடுக்க அரை மணி நேரம் போதும். ஆனால் மறுநாள் வகுப்பில் பழைய ஒரு நொடியே திரும்பிவிடுகிறது. இதில் ஆசிரியரின் அக்கறையைச் சந்தேகிக்க எதுவுமில்லை. பாடத்தை முடிக்க வேண்டும், பின்வரிசைச் சலசலப்பைக் கவனிக்க வேண்டும், கரும்பலகையில் எழுத வேண்டும். இத்தனைக்கும் நடுவில் கை வாய் எல்லாம் பழக்கத்தின் போக்கில்தான் போகும். தவிர, கேள்வி கேட்டவருக்கு ஒரு நொடி மௌனமே நெடுநேரமாகத் தோன்றும். பயிற்சிக் கூடத்தில் கற்றது வகுப்புக்குள் வர வேண்டுமானால் அங்கேயே கூட இருந்து உதவ ஒருவர் தேவை என்று கல்வி ஆய்வாளர்கள் புரூஸ் ஜாய்ஸ், பெவர்லி ஷவர்ஸ் இருவரும் 1980களின் தொடக்கத்திலேயே எழுதினார்கள்.

அந்த ஒருவர்தான் கற்பித்தல் பயிற்றுநர். "நான்கு பேர் மட்டுமே பதில் சொல்கிறார்கள், மற்றவர்கள் பேசுவதில்லை" என்று ஓர் ஆசிரியை சொல்கிறார் என வைத்துக்கொள்வோம். பயிற்றுநர் வகுப்பில் ஓர் ஓரமாக உட்கார்ந்து, ஒவ்வொரு கேள்விக்கும் எத்தனை நொடி காத்திருந்தார், யார் பதில் சொன்னார் என்று குறிக்கிறார். வகுப்பு முடிந்ததும் தீர்ப்பு எதுவும் சொல்லாமல் தாளை நீட்டி, "இதில் உங்களுக்கு என்ன தெரிகிறது?" என்று கேட்கிறார். இலக்கை ஆசிரியையே வைக்கிறார்: ஒரு பாடவேளையில் பத்துப் பேராவது பதில் சொல்ல வேண்டும். வழியை இருவரும் சேர்ந்து தேர்ந்தெடுக்கிறார்கள். கேள்விக்குப் பின் எல்லோரும் முதலில் நோட்டில் விடை எழுத வேண்டும், பிறகுதான் கை தூக்கலாம். பயிற்றுநர் அதே வகுப்பில் பத்து நிமிடம் நடத்திக் காட்டுகிறார். அடுத்து ஆசிரியை நடத்துகிறார். மறுபடி எண்ணுகிறார்கள். எண்ணிக்கை ஏறவில்லையா, இலக்கை அப்படியே வைத்துக்கொண்டு வழியை மாற்றுகிறார்கள்.

அந்தத் தாள் ஆசிரியையைத் தவிர வேறு யார் கைக்கும் போகக்கூடாது. இந்த முறையின் உயிர்நாடி இதுதான் என்பது என் உறுதியான கருத்து. குறிப்புகள் தலைமையாசிரியரின் மேசைக்குப் போகும் என்று தெரிந்தால், ஆசிரியர் அன்றைக்கு மட்டும் ஒரு காட்சிப் பாடம் நடத்துவார். தினசரிப் பாடம் பயிற்றுநரின் கண்ணில் படவே படாது. பயிற்றுநரும் ஆசிரியரும் சமமானவர்கள் என்பதை கற்பித்தல் பயிற்றுநர் முறையை ஆராய்ந்துவரும் அமெரிக்காவின் ஜிம் நைட் தம் முறைக்கு அடிப்படையாக வைத்ததன் காரணமும் புரிகிறது.

மாணவர்களுக்கு இதனால் பலன் உண்டா? 60 ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் வெளியான பகுப்பாய்வு, கற்பிக்கும் முறையில் ஏறக்குறைய அரைத் திட்டவிலக்க (சராசரியைச் சுற்றி மதிப்புகள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதன் அளவு) முன்னேற்றத்தையும், மாணவர்களின் தேர்வு மதிப்பெண்ணில் 0.18 திட்டவிலக்க அளவு முன்னேற்றத்தையும் கண்டது. பயிற்றுநர் நேரில்தான் வர வேண்டும் என்பதும் இல்லை. அமெரிக்காவில் 78 உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களிடம் நடந்த ஆய்வில், அவர்கள் தங்கள் பாடத்தைப் படமெடுத்து அனுப்ப, பயிற்றுநர் தொலைவிலிருந்தே பேசினார். 2011இல் வெளியான அதன் முடிவில், மாணவர்களின் முன்னேற்றம் பயிற்சி முடிந்த அடுத்த ஆண்டில்தான் தெரிந்தது. பழக்கம் மாற அவ்வளவு காலம் பிடிக்கிறது.

திட்டம் பெரிதாகும்போது பலன் சுருங்குகிறது என்பதையும் 2018 பகுப்பாய்வு காட்டியது. நூறு ஆசிரியர்களுக்கு மேல் போனால், திறமையான பயிற்றுநர்கள் அத்தனை பேரைத் தேடிப் பிடிப்பதே கடினம். கிடைத்தவர்களையும் படிவம் நிரப்பவும், விடுப்பில் போன ஆசிரியருக்குப் பதிலாக வகுப்பெடுக்கவும் அனுப்பிவிட்டால், ஓரமாக உட்கார்ந்து நொடிகளை எண்ண அவர்களுக்கு நேரமே இருக்காது.