'டெல் மீ' சரி, 'எக்ஸ்பிளெய்ன் மீ' ஏன் தப்பு?

"ஐ வில் எக்ஸ்பிளெய்ன் யூ த இஷ்யூ அண்ட் சஜெஸ்ட் யூ எ சொல்யூஷன். கைண்ட்லி கன்ஃபார்ம் மீ த டேட்."

போன வாரம் திருத்தித் தரச்சொல்லி என்னிடம் வந்த ஒரு மின்னஞ்சல் இப்படித்தான் ஆரம்பித்தது. எழுதிய தம்பி பொறியியல் படித்தவர், கைநிறையச் சம்பளம் வாங்குபவர். வெளிநாட்டு வாடிக்கையாளருக்குப் போகவேண்டிய கடிதம். இரண்டு வரிக்குள் மூன்று வினைச்சொற்கள், மூன்றிலும் ஒரே பிழை. சுழித்துக் கொடுத்ததும் அவர் கேட்டார்: "மேடம், டெல் யூ சரின்னா எக்ஸ்பிளெய்ன் யூ மட்டும் ஏன் தப்பு? ரெண்டும் சொல்றதுதானே?"

நியாயமான கேள்வி. எட்டாம் வகுப்பிலேயே அவர் கேட்டிருக்க வேண்டும், யாராவது பதிலும் சொல்லியிருக்க வேண்டும். விண்ணப்பக் கடிதம், நேர்முகத் தேர்வு, ஐஇஎல்டிஎஸ் (வெளிநாடு போகிறவர்கள் எழுதும் ஆங்கிலத் தேர்வு) கட்டுரை என்று எதைத் திருத்த உட்கார்ந்தாலும் இந்தப் பிழை வந்து நிற்கிறது. ஐஇஎல்டிஎஸ் எழுத்துத் தேர்வில் மதிப்பெண்ணில் கால் பங்கு இலக்கணத்துக்கு. இந்த ஒரு பிழையே திரும்பத் திரும்ப வந்து அந்தக் கால் பங்கைக் கரைக்கிறது.

நம் பள்ளிகளில் வாக்கிய அமைப்பு நடத்தும்போது எஸ் (எழுவாய்), வி (வினை), ஐஓ (மறைமுகச் செயப்படுபொருள்), டிஓ (நேரடிச் செயப்படுபொருள்) என்று மனப்பாடம் செய்ய வைக்கிறோம். 'யாருக்கு' என்று கேட்டால் வருவது ஐஓ, 'எதை' என்று கேட்டால் வருவது டிஓ. கரும்பலகையில் வரும் எடுத்துக்காட்டு எப்போதும் 'ஹி கேவ் மீ எ புக்' மட்டும்தான். பிள்ளைகள் அடியில் கோடு போட்டு, எழுத்தைக் குறித்து, முழு மதிப்பெண்ணும் வாங்கிவிடுகிறார்கள். எந்த வினைச்சொல் இந்த அமைப்புக்குள் வரும், எது வராது என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. அதனால் 'யாருக்கு' என்று கேட்கமுடிகிற எல்லா வினையையும் அவர்கள் இந்த அச்சில் போட்டு வார்க்கிறார்கள்.

எனக்கு மிகவும் எரிச்சலூட்டுவது அடுத்து வரும் குறுக்குவழி: "தமிழில் 'எனக்கு' என்று வந்தால் ஆங்கிலத்தில் 'மீ' போடு." ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புகளில் இதைச் சொல்லியே காசு வாங்குகிறார்கள். கொஞ்சம் தமிழையே பாருங்கள். ஒருவனைப் பார்க்கிறோம். ஒருவனோடு சண்டை போடுகிறோம். ஒருவனிடம் கடன் கேட்கிறோம், ஒருவனுக்குக் கடன் கொடுக்கிறோம், ஒருவன்மேல் கோபப்படுகிறோம். எந்த வினைக்கு எந்த வேற்றுமை என்பதை அந்தந்த வினைதான் தீர்மானிக்கிறது. 'அவனைக் கடன் கொடுத்தேன்' என்று ஐந்து வயதுக் குழந்தைகூடச் சொல்லாது. நம் மொழியில் ஒவ்வொரு வினைக்கும் தனிப் பழக்கம் இருப்பதை இயல்பாக ஏற்றுக்கொள்கிறோம். ஆங்கிலத்துக்கு வந்தால் மட்டும் எல்லா வினையும் ஒரே மாதிரி நடக்கவேண்டும் என்று எதிர்பார்ப்பது என்ன நியாயம்? அர்த்தம் ஒன்றாக இருந்தால் அமைப்பும் ஒன்றாக இருக்கும் என்று எந்த மொழியும் வாக்குக் கொடுக்கவில்லை.

தமிழில் 'கு' என்றும் 'ஐ' என்றும் உருபு ஒட்டிவிடுவதால் சொற்களை எங்கே மாற்றிப் போட்டாலும் பொருள் கெடுவதில்லை. பழைய ஆங்கிலத்திலும் இப்படி உருபுகள் இருந்தன. நாளடைவில் பெரும்பாலும் தேய்ந்துபோயின. இன்று அந்த வேலையைச் செய்வது சொல் நிற்கும் வரிசையும் 'டு', 'ஃபார்' போன்ற சிறு சொற்களும்தான்.

கிவ், டெல், ஷோ, செண்ட், டீச், லெண்ட், ஆஃபர், பே ஆகிய வினைகள் ஆளையும் பொருளையும் அடுத்தடுத்து ஏற்கும்: 'ஷோ மீ த பில்', 'செண்ட் ஹிம் த ஃபைல்'. எக்ஸ்பிளெய்ன், சஜெஸ்ட், சே, டிஸ்கிரைப், மென்ஷன், அனௌன்ஸ், இன்ட்ரொடியூஸ், கன்ஃபார்ம் ஆகியவை ஏற்கா. இவற்றுக்குப் பொருள்தான் நேரடியாக வரும், ஆளுக்கு முன்னால் 'டு' வேண்டும்: 'எக்ஸ்பிளெய்ன் த இஷ்யூ டு மீ'. பொருளைச் சொல்லும் பகுதி நீளமாக இருந்தால் 'எக்ஸ்பிளெய்ன் டு மீ வொய் த சர்வர் வென்ட் டவுன்' என்று ஆளை முன்னால் கொண்டுவரலாம். அப்போதும் 'டு' போகாது. அதே தம்பியின் கடிதத்தில் 'கன்ஃபார்ம் த டேட்' என்று எழுதியிருந்தாலே போதும். யாரிடம் உறுதிசெய்யச் சொல்கிறார் என்பது வாடிக்கையாளருக்குத் தெரியாதா?

லத்தீன், பிரெஞ்சு வழி வந்த நீண்ட வினைகள் பெரும்பாலும் ஏற்பதில்லை, குட்டையான பழைய வினைகள் ஏற்கும் என்று ஓர் அடையாளம் சொல்வார்கள். உதவும், ஆனால் முழுக்க நம்பாதீர்கள். சிறிய சொல்லான 'சே' ஏற்காது, 'ப்ராமிஸ்' ஏற்கும்.

இதைக் கேட்டுவிட்டுச் சிலர் எதிர்ப்பக்கம் போய் விழுகிறார்கள். பாதுகாப்புக்கு எல்லா இடத்திலும் 'டு' போடுவது. 'ஹி டோல்ட் டு மீ', 'ஷி ஆஸ்க்ட் டு மீ எ கொஸ்டின்'. தயவுசெய்து வேண்டாம். 'டோல்ட் மீ', 'ஆஸ்க்ட் மீ' என்றே எழுதுங்கள். 'இட் காஸ்ட் மீ 500 ருபீஸ்' என்பதிலும் 'டு' நுழையாது. 'டு' பாதுகாப்புக் கவசம் அல்ல.

இன்னொரு குழப்பம். 'ஷி மேட் ஹிம் டீ' என்பதில் அவனும் தேநீரும் வேறு வேறு. 'தே மேட் ஹிம் கேப்டன்' என்பதில் அவன்தான் கேப்டன். நடுவில் 'இஸ்' போட்டுப் பாருங்கள். 'ஹி இஸ் கேப்டன்' பொருந்தும், 'ஹி இஸ் டீ' பொருந்தாது. இந்த இரண்டாம் வகையில் நம்மவர்கள் 'ஆஸ்' சேர்த்துவிடுகிறார்கள்: 'தே கால் மீ ஆஸ் ராஜா'. 'தே கால் மீ ராஜா' போதும். 'ரிகார்ட்' போன்ற சில வினைகளுக்கோ 'ஆஸ்' கட்டாயம் வேண்டும்.

இதெல்லாம் நான் கண்டுபிடித்தது இல்லை. ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஏ.எஸ். ஹார்ன்பி, தாய்மொழியாக ஆங்கிலம் பேசாதவர்கள் தடுமாறும் இடம் இதுதான் என்று கண்டு, 1942-இல் டோக்கியோவில் வெளியான தம் அகராதியில் வினைகளை 25 அமைப்புகளாகப் பிரித்து ஒவ்வொரு வினைக்கும் எண் போட்டார். இன்று மாணவர்கள் கையில் இருக்கும் ஆக்ஸ்ஃபோர்ட் அட்வான்ஸ்ட் லேர்னர்ஸ் அகராதி அதன் வழி வந்ததுதான். அதை வாங்கி வைத்துக்கொண்டு அர்த்தம் மட்டும் பார்த்து மூடிவிடுகிறோம். அர்த்தத்துக்குப் பக்கத்திலேயே அந்த வினை யாரோடு எப்படி வரும் என்று எழுதியிருக்கிறதே, அதைப் படிக்க என்ன கஷ்டம்?

ஆக, வினைச்சொல்லைத் தனியாக எழுதிப் படிக்காதீர்கள். நோட்டில் 'எக்ஸ்பிளெய்ன்: விளக்கு' என்று எழுதுவது வீண். 'எக்ஸ்பிளெய்ன் சம்திங் டு சம்ஒன்' என்று எழுதுங்கள். 'ரிமைண்ட் மீ த மீட்டிங்' என்று எழுதப்போகும்போது கையை நிறுத்துங்கள், அங்கே 'ஆஃப்' அல்லது 'அபௌட்' வேண்டும். 'இன்ஃபார்ம் மீ த நியூஸ்' என்பதும் அப்படியே. பொருளும் 'இட்' என்ற சிறு சொல்லாக இருந்தால் யோசிக்கவே வேண்டாம், 'கிவ் இட் டு மீ' என்று சொல்லிவிடுங்கள். 'கிவ் த மேனேஜர் இட்' என்று யாரும் பேசுவதில்லை. அனுப்பும் முன் மின்னஞ்சலில் 'மீ', 'யூ', 'ஹிம்' வரும் இடத்தை மட்டும் ஒருமுறை திரும்பப் படியுங்கள், இரண்டு நிமிடம் ஆகாது.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். பாடத்திட்டத்தின் சுமை எனக்குத் தெரியும். அடுத்த முறை கரும்பலகையில் 'கிவ்' எழுதும்போது பக்கத்திலேயே 'எக்ஸ்பிளெய்ன்' என்றும் எழுதுங்கள். இது ஏற்கும், இது ஏற்காது என்று சொல்லி, இரண்டுக்கும் ஆளுக்கு இரண்டு வாக்கியம் எழுதவையுங்கள். கோடு போட்டு எழுத்துக் குறிக்கும் பயிற்சியை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.