பருவதமலை ஏறும் முன் அப்பாவின் மாத்திரைகளைப் பாருங்கள்

மார்கழி பிறந்துவிட்டால் எங்கள் திருவண்ணாமலைப் பக்கம் பருவதமலைக்குக் குடும்பம் குடும்பமாகக் கிளம்பிவிடுவார்கள். பிள்ளைகளுக்கு அரையாண்டு விடுமுறை, வெயிலும் அதிகம் இருக்காது, உச்சியில் மல்லிகார்ஜுனேஸ்வரரைத் தொட்டுக் கும்பிடலாம். பொது மருத்துவராக நான் யாரையும் போகாதீர்கள் என்று தடுப்பதில்லை. கூட வரும் 50, 60 வயதுக்காரரை மட்டும் கிளம்பும் முன் ஒரு மருத்துவரிடம் காட்டிவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். ஏனென்றால் மலையில் அவருக்கு என்ன செய்கிறது என்பதை அவர் வாய் திறந்து சொல்ல மாட்டார். நம்மால் மற்றவர்கள் பயணம் கெட்டுவிடக் கூடாது என்று அடக்கிக்கொள்வார்.

இந்த மலை சுமார் 4,560 அடி உயரம். அடிவாரத்தில் உள்ள தென்மாதிமங்கலம் வழியாகப் போனால் முதலில் படிக்கட்டு, அப்புறம் கரடுமுரடான கற்பாதை, மேலே போகப் போகப் பாறையில் கடப்பாறைகளை அடித்து அமைத்த கடப்பாறைப் படியும் ஏணிப் படியும். மேலே ஆக்சிஜன் குறைந்துவிடும் என்று கற்பூரத்தைத் துணியில் முடிந்து எடுத்துப் போகிறவர்கள் நிறையப் பேர். உயரத்தால் வரும் மலைநோய் பொதுவாக 8,000 அடிக்கு மேல்தான். பருவதமலையில் அளவுக்கு மீறி மூச்சு வாங்கினால் காற்றைக் குறை சொல்லிப் பயனில்லை. இதயத்திலோ நுரையீரலிலோ ரத்தசோகையிலோ காரணம் இருக்கலாம், பல வருடம் நடக்காமல் இருந்ததாகவும் இருக்கலாம். கற்பூரம் இதில் எதற்கும் மருந்து இல்லை.

இரண்டு மாடிப் படியை நிற்காமல் ஏற முடியாதவர் இந்த மலைக்குத் தயாராக இல்லை. வீட்டிலேயே ஏறச் சொல்லிப் பாருங்கள்.

சில வருடங்களுக்கு முன் ஒருவர் மலை இறங்கிய மறுநாள் என்னிடம் வந்தார். சர்க்கரை நோய் உள்ளவர். நெஞ்சு வலியே இல்லை என்றார். பாதி மலையில் உடம்பெல்லாம் குப்பென்று வியர்த்தது, தாடை கனத்தது, வாயுவாக இருக்கும் என்று சோடா குடித்துவிட்டு மேலே ஏறியிருக்கிறார். ஈசிஜியில் மாரடைப்பு தெரிந்தது. நல்லவேளையாகப் பிழைத்தார். பல வருடச் சர்க்கரை இதயத்துக்குப் போகும் நரம்புகளையும் கெடுக்கும், அதனால் வலி தெரியாமல் போகலாம். மார்கழிக் குளிரில் ரத்தக் குழாய்கள் சுருங்கி ரத்த அழுத்தம் கூடும், அதன்மேல் செங்குத்தான ஏற்றம். குளிரில் வியர்க்கக் காரணமில்லாத நேரத்தில் ஒருவருக்கு வியர்த்துக் கொட்டினால், பேச்சு பாதியில் நின்று மூச்சு இளைத்தால், அங்கேயே உட்காரவைத்து உதவிக்கு ஆள் கூப்பிடுங்கள். ‘இன்னும் கொஞ்சம்தான், வாங்கப்பா’ என்று கையைப் பிடித்து இழுக்காதீர்கள். 108 வண்டி அடிவாரம் வரைதான் வரும். மலையிலிருந்து அதுவரை தோளில் தூக்கி இறக்குவதைத் தவிர வேறு வழி கிடையாது.

அடுத்தது மாத்திரை. சாமி பார்க்கும் வரை சாப்பிட மாட்டேன் என்று விரதம் இருப்பார்கள், ஆனால் காலையில் சர்க்கரை மாத்திரையை மட்டும் தவறாமல் போட்டுக்கொள்வார்கள். கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு வெறும் வயிற்றில் மலை ஏறினால் சர்க்கரை விறுவிறுவென்று இறங்கிவிடும். கை நடுக்கம், குழப்பம், கடைசியில் மயக்கம். அதுவும் கடப்பாறைப் படியில் நிற்கும்போது வந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அன்றைக்கு எவ்வளவு போட வேண்டும் என்பதை உங்கள் மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள், நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். குளுக்கோஸ் பொட்டலமும் மாத்திரையும் சட்டைப் பையில் இருக்கட்டும். கைப்பையில் வைத்தால் குரங்கு பிடுங்கிக்கொண்டு போய்விடும்.

எனக்கு மிகவும் கவலை தருவது வலி மாத்திரை. முட்டி வலிக்கும் என்று ஏறும் முன்பே டைக்ளோஃபெனாக் போட்டுக்கொள்கிறார்கள். குளிரில் தாகம் தெரியாது, வழியில் ஒதுங்க இடமில்லை என்று பெண்கள் தண்ணீரையே தொடுவதில்லை. உடம்பில் நீர் வற்றிய நிலையில் வலி மாத்திரையும் சில வகை பிபி மாத்திரைகளும் சேர்ந்தால் சிறுநீரகம் திடீரென்று செயலிழக்கலாம். முட்டிக்குத் தடி போதும். ஏறும்போதைவிட இறங்கும்போதுதான் அது அதிகம் தேவைப்படும். தாகம் எடுக்காவிட்டாலும் அரை மணிக்கு ஒருமுறை நாலு மடக்குத் தண்ணீர் குடிக்க வையுங்கள்.

குழந்தைகளைப் பற்றி ஒன்றே ஒன்று: ஏணிப் படியில் இரண்டு கையும் வேண்டும், இடுப்பில் குழந்தையோடு ஏறாதீர்கள்.

டிசம்பரில் மாலை ஆறு மணிக்குள் பொழுது சாய்ந்துவிடும், மரங்களுக்கு அடியில் இன்னும் சீக்கிரமே இருட்டும். விடிந்ததும் ஏறத் தொடங்கி மதியமே இறங்கத் தொடங்குங்கள். வடகிழக்குப் பருவமழை முடியாத நாட்கள் என்பதால் முந்தின நாள் மழை பெய்திருந்தால் பாறை வழுக்கும், இன்னொரு நாள் போய்க்கொள்ளலாம். வனத்துறையின் கட்டுப்பாடுகளையும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். வியர்வையில் நனைந்த சட்டையோடு உச்சிக் காற்றில் நின்றால் உடல் சூடு மளமளவென்று இறங்கும், பைக்குள் ஆளுக்கு ஒரு உலர்ந்த சட்டை வேண்டும். யாராவது பாதியில் திரும்பினால் துணைக்கு ஒருவர் கூடவே இறங்க வேண்டும்.

வேண்டுதல் என்று வெறுங்காலோடு ஏறும் சர்க்கரை நோயாளிகளிடம் நான் கெஞ்சியே கேட்கிறேன், செருப்பு போட்டுக்கொள்ளுங்கள். காலில் உணர்ச்சி குறைந்திருந்தால் கல் குத்தியது தெரியாது. வீடு திரும்பிய இரவு கால் கழுவிவிட்டு, விரல் இடுக்கு, குதிகால், உள்ளங்கால் எல்லாவற்றையும் வெளிச்சத்தில் வேறொருவர் பார்த்துச் சொல்லட்டும். கொப்புளம் இருந்தால் ஊசியால் குத்த வேண்டாம், மஞ்சள் பத்தும் வேண்டாம். சுத்தமான துணியால் மூடி மறுநாள் காலையிலேயே மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.