ஸ்டிக்கர் தடுப்பூசி வரும்வரை தட்டம்மை காத்திருக்காது

போன வாரம் பதினொரு மாதக் குழந்தை ஒன்றைத் தூக்கி வந்தார்கள். நான்கு நாளாகக் காய்ச்சல், சிவந்த கண்களில் நீர், காதுக்குப் பின்னால் தடிப்பு. டார்ச் அடித்துப் பார்த்தால் கன்னத்தின் உள்பக்கம் உப்புத்தூள் சிதறியதுபோல வெள்ளைப் புள்ளிகள். தட்டம்மைதான்.

"ஒன்பதாம் மாச ஊசி போட்டீங்களாம்மா?"

"இல்லீங்க டாக்டர். ஸ்டிக்கர் மாதிரி ஒட்டுற தடுப்பூசி வரப்போகுதுன்னு வீடியோல பார்த்தோம். பாப்பாவுக்கு வலிக்குமேன்னு விட்டுட்டோம்."

இந்த ஆண்டில் இதே பதிலை நான் கேட்பது மூன்றாவது முறை.

வீடியோவில் சொன்னது பொய்யில்லை. காம்பியா நாட்டில் 45 பெரியவர்கள், 120 நடைபழகும் குழந்தைகள், 120 கைக்குழந்தைகளிடம் தட்டம்மை, ருபெல்லா (ஜெர்மன் தட்டம்மை) இரண்டையும் தடுக்கும் எம்ஆர் மருந்து தடவிய நுண்ணூசி பேட்ச், அதாவது அந்த ஸ்டிக்கர், சோதிக்கப்பட்டது. 2024இல் முடிவுகள் வந்தன. ஐந்து நிமிடம் ஒட்டி எடுத்தார்கள். கைக்குழந்தைகளில் தட்டம்மைக்கு எதிர்ப்பாற்றல் உருவானது பேட்ச் வழியாக 93 சதவீதம், வழக்கமான ஊசியில் 90 சதவீதம். படித்தபோது எனக்கும் சந்தோஷம்தான்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். எது உண்மை மருந்து என்று தெரியாமலிருக்க, பேட்ச்சில் தடுப்பு மருந்து பெற்ற குழந்தைகளுக்கும் மருந்தில்லாத ஊசி ஒன்று போட்டார்கள். வலிக்காமல் தப்பிய குழந்தை அந்தச் சோதனையில் ஒன்றுகூட இல்லை! இன்னும் பெரிய சோதனை, உற்பத்தி, அனுமதி என்று எத்தனையோ படிகள் பாக்கி. நம் தடுப்பூசி அட்டவணையில் அது இல்லை. மெடிக்கல் ஷாப்பில் கேட்டும் பயனில்லை, ஆன்லைனில் யாராவது விற்றால் வாங்கவே வாங்காதீர்கள்.

அது மூட்டுவலிக்கு ஒட்டும் பிளாஸ்திரி மாதிரியும் இல்லை. சும்மா ஒட்டினால் தடுப்பு மருந்து தோலின் மேலடுக்கைத் தாண்டாது. அதற்காகத்தான் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத ஊசிமுனைகளை வைத்திருக்கிறார்கள். தோலுக்குள் போனதும் அவை கரைந்துவிடும்.

எங்களுக்கு இந்தப் பேட்ச் வேண்டியிருப்பது வலிக்காக மட்டுமல்ல. இப்போதுள்ள எம்ஆர் ஊசி மருந்து, பல குழந்தைகளுக்குச் சேர்த்து ஒரே குப்பியில் தூளாக வருகிறது. அதைக் கரைத்துவிட்டால் நான்கு மணி நேரம்தான், மிச்சத்தைக் கொட்ட வேண்டும். ஒரே குழந்தைக்காகக் குப்பியைத் திறக்காமல் "புதன்கிழமை வாங்கம்மா" என்று நர்ஸ் திருப்பி அனுப்புவது பெரும்பாலும் இதனால்தான். பேட்ச் ஆளுக்கு ஒன்று, கரைக்க வேண்டியதில்லை. திருப்பி அனுப்பிய எல்லாரும் புதனன்று வருவதில்லை என்பதுதான் எங்கள் கவலை.

ஊசி வலி ஒரு நிமிட அழுகை. தாய்ப்பாலை வாயில் வைத்தால் அடங்கிவிடும். தட்டம்மையோ நிமோனியாவில் கொண்டுபோய் விடும், கண்ணைப் பாதிக்கும். நோயாளி எழுந்து போன அறையின் காற்றில் இரண்டு மணி நேரம்வரை கிருமி இருக்கும். காய்ச்சலோடு தடிப்பும் தெரிந்தால் வேப்பிலை கட்டி வீட்டிலேயே வைத்திருக்காதீர்கள். டாக்டரிடம் காட்டுங்கள், வைட்டமின் ஏ கொடுக்க வேண்டியிருக்கும்.

ஒன்பது மாதம் முடிந்ததும் முதல் தவணை, 16 முதல் 24 மாதத்துக்குள் இரண்டாவது. தேதி தாண்டிவிட்டதே, திட்டுவார்களோ என்று தயங்காதீர்கள். ஐந்து வயதுவரை விட்டுப்போன தவணையைப் போட்டுவிடலாம். தடுப்பூசி அட்டையைத் தொலைத்திருந்தாலும் பரவாயில்லை, குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாருங்கள்.